மல்டிபிளெக்ஸருக்கு வைத்த சந்தனம்

இரண்டு ஜோடிக் கம்பியில் முப்பது பேரைப் பேசவைக்கும் மல்டிபிளெக்ஸர் என்ற இரும்பு அலமாரி, எண்பதுகளில் எங்கள் மட்டாஞ்சேரி எக்ஸ்சேஞ்சுக்கு வந்தது. அதற்குத் தனி அறை, ஏசி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழையவேண்டும் என்ற சட்டம். அவ்வளவு மரியாதை எனக்கு மாமியார் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

நவராத்திரி பூஜை முடிந்து ஐப்பசியின் துலா மழை பிடித்ததும் அது என் பிராணனை வாங்க ஆரம்பித்தது. காலையில் சமர்த்தாக இருக்கும். மதியம் மழை வந்ததும் சிவப்பு விளக்கு எரியும், எர்ணாகுளத்துக்குப் போகும் முப்பது லைனும் ஒரேயடியாகப் படுத்துவிடும். மிளகு மண்டிக்காரர்கள் வாசலில் நின்று திட்டுவார்கள். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் என்னை இடுக்கி மலைக்கு மாற்றிவிடுவதாக அதிகாரி சொல்லிவிட்டார். என் மனைவி எர்ணாகுளத்தில் வெளியூர்க் கால்களை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் ஆபரேட்டர். அந்த வருஷம்தான் எங்களுக்குக் கல்யாணம். நிஜமாகவே பயமாக இருந்தது.

இந்தத் தொழிலில் முதல் வேலை, பழி யார் மேல் என்று பார்ப்பது. வெளியே அனுப்பும் கம்பியை உள்ளே வாங்கும் இடத்திலேயே திருப்பி மாட்டினால் அலமாரி தன்னோடு தானே பேசிக்கொள்ளும். அப்போதும் விளக்கு சிவப்பாகவே இருந்தால் குற்றம் நம் வீட்டுக்குள்தான். இருந்தது.

அலமாரிக்குள் வரிசையாகச் செருகியிருக்கும் சர்க்யூட் கார்டுகளை ஒவ்வொன்றாக உருவி, துடைத்து, மாட்டினேன். ஒன்றை மட்டும் தொடவில்லை. மழையின் முதல் இடியிலேயே பழைய கார்டு போனதால், பூஜையில் வைத்திருந்த ஸ்பேர் கார்டை அவசரமாக எடுத்துப் போட்டிருந்தேன். புதிதாகப் போட்டதைச் சந்தேகப்படுவது எங்கள் வழக்கமில்லை. அதிலும் இது சரஸ்வதி முன்னால் உட்கார்ந்து எழுந்த கார்டு.

சனிக்கிழமை மதியம் வேறு வழியில்லாமல் அதையும் உருவினேன். உள்ளே செருகும் தங்க முனைகளில் வரிசையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பூஜைக்குக் குடும்பங்களும் ஆபீசுக்கு வருவது வழக்கம். என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. குறடு, ஸ்க்ரூ டிரைவர், வாட்ச்மேனின் சைக்கிள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மழை வந்தால் கரண்ட் போகும், அலமாரி பேட்டரியில் ஓடும், ஏசி நிற்கும், ஈரக் காற்றில் சந்தனம் ஊறி ஒரு முனையை இன்னொன்றோடு சேர்த்துவிடும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மாட்டினேன். விளக்கு பச்சையானது.

முதல் போன் அவளுக்குத்தான். உன் சந்தனம் என்னை இடுக்கிக்கு ஏற்றிவிடப் பார்த்ததே என்று பொரிந்து தள்ளினேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

“சந்தனம் தொட்டதுனாலயாக்கும் இத்தோட போச்சு. இல்லாட்டா அந்த இடியில ஆபீசே எரிஞ்சிருக்கும்.”

இடுக்கிக்குப் போயிருந்தால் இந்த வியாக்கியானத்தைக் கேட்கக்கூட ட்ரங்க் கால் போட்டுக் காத்திருக்கவேண்டும் என்று நினைத்ததும் கோபம் போய்விட்டது.

அதிகாரி வந்து என்ன கோளாறு என்று கேட்டார். தூசி என்றேன். முகர்ந்து பார்த்து, நல்ல மணமுள்ள தூசி என்றார். இடுக்கிப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

அடுத்த வருஷப் பூஜைக்கு ஸ்பேர் கார்டுகளை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, என் நெற்றியை அவளிடம் நீட்டினேன். நெற்றியில் வைத்தாள். பிறகு குனிந்து, பூட்டின் சாவித் துவாரத்திலும் வைத்தாள்.