மாமா காத்திருந்த மூட்டு

எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் என் கணவருக்கு இடது இடுப்பில் வலி வந்தது. சொந்தத்தில் கட்டிக்கொண்டதால் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பூச்சிமருந்துக் கம்பெனியில் வேலை. கடலூரிலிருந்து கிளம்பி குமராட்சிப் பக்கம் ஊர் ஊராக பைக்கில் போய்வருவார். பைக் ஓட்டுகிற வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இடுப்பு மூட்டில் பந்து மாதிரி இருக்கும் எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல், அது உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்துமாவுக்கு வருஷக்கணக்கில் எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

மூட்டை மாற்ற வேண்டும். ஆனால் மாமாவுக்கு முப்பத்தைந்து வயசுகூட ஆகவில்லை. போடுகிற மூட்டு தேய்ந்துபோனால் மறுபடியும் மாற்ற வேண்டிவரும். "எவ்வளவு நாள் தாங்க முடியுதோ தாங்குங்க. முடியலைன்னா வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நான் அண்ணாமலை நகரில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். என் கைடு கொடுத்த தலைப்பு, இடுப்பில் பொருத்துகிற செயற்கை மூட்டுக்கான உலோகத்தைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது. தலைப்பு முன்னால் வந்தது, மாமாவின் வலி பின்னால் வந்தது. வீட்டில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "தெய்வம் பாத்துக் குடுத்த படிப்புடி இது" என்றார் என் மாமியார்.

திருவந்திபுரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மாமா மண்டபத்தில் கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர் வந்து, "என்ன மச்சான், ஆபரேஷன் எப்ப?" என்று கேட்டார். மாமா என்னைக் கைகாட்டி, "அவ கம்ப்யூட்டர்ல புதுசா ஒண்ணு செய்யுறா. ஆயுசுக்கும் மாத்த வேணாம். அது வந்தப்புறம் போட்டுக்குறேன்" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு அம்மா என் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு இலையில் உட்காரப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "மாமா, நான் செய்யுறது வெறும் கணக்கு. அத யாரும் இன்னும் உலோகமா வார்க்கல."

"வார்ப்பாங்க. நீ முடி" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் பஸ்ஸிலிருந்து இறங்கி வாசல்படி ஏறும்போதே உள்ளேயிருந்து குரல் வரும். "என்னம்மா, முடிஞ்சுதா?"

அது முடிகிற வேலையாக இல்லை. தொடை எலும்பின் ஸ்கேன் படங்களை அடுக்கித் திரையில் எலும்பை உருவாக்குவேன். அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, நடுவில் மூட்டைத் தாங்குகிற டைட்டானியத் தண்டை இறக்கி, மாடிப்படி ஏறும்போது விழுகிற பாரத்தை மேலே வைப்பேன். எடை என்ற இடத்தில் மாமாவின் எடையைத்தான் போட்டேன். கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் ஓடி, அழுத்தம் ஜாஸ்தியான இடத்தைச் சிவப்பாகவும் குறைந்த இடத்தை நீலமாகவும் காட்டும். பாதியில் கரண்ட் போகும். லேபில் இருந்த பழைய யுபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கிவிடும். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஓட விடுவேன்.

ஒருநாள் மாமா நான் கொண்டுவந்த படத்தை வாங்கிப் பார்த்தார். "மேல பூரா நீலமா இருக்கே. நல்லதுதான?"

"இல்ல மாமா. தண்டு கெட்டியா இருக்குறதால பாரத்தையெல்லாம் அதுவே வாங்கிக்குது. சுத்தி இருக்குற எலும்புக்கு வேலை இல்ல. வேலை இல்லாத எலும்பு மெலிஞ்சு போயிடும்."

அவர் முகம் மாறியது. அப்போது அவர் வேலையை விட்டு ஏழெட்டு மாசம் இருக்கும். "என்னத்தான் சொல்றியா?" என்றார்.

"ஐயோ, எலும்பச் சொல்றேன் மாமா."

படத்தைக் கசக்கிப் போட்டுவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் "முடிஞ்சுதா?" ஆரம்பித்தது.

நீலத்தைப் போக்க, தண்டின் உலோகக் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். ஒரு முனையில் கெட்டி, மறுமுனையில் இளக்கம். நீலம் குறைந்தது. ஆனால் தண்டும் எலும்பும் ஒட்டுகிற இடத்தில் சிவப்பு ஏறியது. தண்டு வளைந்துகொடுத்தால் ஒட்டு விட்டுப்போகும். வளையாவிட்டால் எலும்பு மெலியும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெட்டது. கைடு ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கலவை போட்டுப் பாரும்மா" என்பார். புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று அதே ரோட்டில் போய், அதே ரோட்டில் திரும்பி வந்தேன். இதற்குள் மாமாவின் இடது கால் சூம்பிவிட்டது. செருப்பை நான்தான் மாட்டிவிடுவேன். வலியில் அவர் முனகும்போதெல்லாம், நான் இன்னும் முடிக்காததால்தான் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

ஒருநாள் மத்தியானம் லேபில் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். வாசலில் கைத்தடிச் சத்தம். மாமா! பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோவில் ஏறி, மாடிப்படியும் ஏறி வந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. பக்கத்து அறையிலிருந்து கைடும் வந்துவிட்டார்.

மாமா உட்காரக்கூட இல்லை. "சார், இவ செய்யுற மூட்ட எனக்கு எப்ப போடலாம்?"

கைடு என்னைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்து மாமாவை உட்கார வைத்தார். "தம்பி, இது பேப்பர்ல வர்ற வேலை. நல்லா வந்தாலும், செஞ்சு பாக்கணும், மிருகத்துக்குப் போட்டுப் பாக்கணும், அப்புறம்தான் மனுசனுக்கு. என் காலத்துல வராது. நீங்க இதுக்காகவா காத்துக்கிட்டு இருக்கீங்க?"

நான் நூறு தடவை சொன்னதுதான். மாமா அன்றைக்குத்தான் கேட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் சொன்னார். "நீ சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா உன் படிப்பச் சொன்னா யாரும் என்னப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லல பாரு." கொஞ்சம் கழித்து, "எது இருக்கோ அதப் போடச் சொல்லு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை வருஷமும் நான் சுமந்தது அவருடைய பயத்தையா? பஸ் குலுங்கியபோது அவர் கம்பியைப் பிடிக்காமல் என் கையைப் பிடித்தார். பிடித்துக்கொள்ள விட்டேன்.

பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. சாதாரண டைட்டானியத் தண்டு, கடையில் கிடைக்கிறதுதான். எக்ஸ்ரேயில் அது வெள்ளையாகத் தெரிந்தபோது டாக்டர், "சூப்பரா உக்காந்திருக்கு" என்றார். மாமியார் கும்பிட்டார். என் கண் மட்டும் தண்டின் மேல்பகுதியைச் சுற்றியிருந்த எலும்பிலேயே இருந்தது. இப்போதும் வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுக்கும்போது அங்கேதான் பார்க்கிறேன். இதுவரை மோசமில்லை.

அதற்குப் பிறகு கைடிடம் போய், "இரண்டையும் ஒண்ணா சரி பண்ண முடியலை சார். எந்த அளவு வரைக்கும் விட்டுக்கொடுக்கலாம்னு மட்டும் எழுதி முடிச்சுக்கிறேன்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அதுவும் ஒரு முடிவுதான், எழுது" என்றார்.

மாமா பழைய கம்பெனியிலேயே மறுபடி சேர்ந்தார். முதல் நாள் அவர் கிளம்பிப் போன பிறகு வீட்டில் "முடிஞ்சுதா?" என்று கேட்க யாரும் இல்லை. நான் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. முற்றத்துப் பக்கம் பாயை விரித்துப் படுத்தேன். மத்தியானம் வரை தூங்கினேன். மாமியார் என்னை எழுப்பவில்லை.