அருவிக்குச் சுற்று வழி

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது பால்காரரின் முண்டாசு. நனைந்து காதுவரை இறங்கியிருந்தது. சைக்கிளிலிருந்து இறங்காமலே கத்தினார்.

"மலையில அருவி ஊத்துதுங்க! வடகிழக்கால, ஊருக்கு மேல. வேட்டி காயப்போட்ட மாதிரி தெரியுது."

எழுபதுகளின் கடைசியில் நான் ஆசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி அனுப்புவது என் வேலை. அதே வீட்டின் பின்னறையில் வெளிநாட்டுப் பெண் ஒருவர் இரண்டு வருடமாகத் தங்கியிருந்தார். அவருடைய கிராமத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே அருவி. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கியவர். இங்கே வந்த புதிதில், சத்தமில்லாததால் தூக்கம் வரவில்லை என்றார். பெருமழை பெய்தால் நம் மலையிலும் அருவி விழும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தார். இரண்டு வருடமும் மழை ஏமாற்றியது. விசா முடிந்து, மறுநாள் காலை பஸ்ஸில் அவர் கிளம்ப வேண்டும்.

பால்காரர் குரல் கேட்டதும் ஓடி வந்தார். "அண்ணா, வரீங்களா?"

அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது வீட்டுக்காரம்மா. ஆண்களை அண்ணா என்று கூப்பிட வேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில் சேர்த்தி. எனக்கு அவரைவிட இரண்டு வயது குறைவு.

இன்னொரு பாடம், மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது. கிரிவலத்துக்குச் சொன்னதை அவர் எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டார். கடைத்தெரு கிழக்கே. நடந்தால் மலை இடக்கைப் பக்கம் வரும் என்று பஸ்ஸில் போவார். பஸ் போவது கணக்கில் சேராதாம். "நான் சொன்னது சாமி சுத்தறதுக்கும்மா. தக்காளி வாங்கறதுக்குமா?" என்று வீட்டுக்காரம்மா சிரிப்பார். "மலை ஒண்ணுதானேம்மா?" என்பார் இவர்.

அன்று கேட்டைத் திறந்தவர் தயங்கி நின்றார்.

"ஊர் வழியா போலாமா? தண்ணி நின்னுடுமா, அண்ணா?"

இரண்டு வருடத்தில் முதல் முறையாக அப்படிக் கேட்டார். கிழக்கே, மலை இடக்கைப் பக்கம் வர, ஊர் வழியாகப் போனால் மூன்றரை கிலோமீட்டர். மேற்கே, அடி அண்ணாமலை வழியாகச் சுற்றினால் பத்துக்கும் மேல். மழை ஐந்து மணிக்கே விட்டிருந்தது. பாறை மலை. மழை நின்ற இரண்டு மூன்று மணி நேரத்தில் அருவியும் நின்றுவிடும். அவர் வருவதற்கு முந்தைய வருடம் இதை நானே செய்தியாக எழுதியிருக்கிறேன்.

"நிக்காது. சாயந்திரம் வரைக்கும் இருக்கும்" என்றேன்.

குறுக்கு வழி முக்கால் மணி நேரம், சுற்று வழி இரண்டரை மணி நேரம். அவரோடு இரண்டரை மணி நேரம் நடக்க ஆசைப்பட்டேன். அதைத் தவிர வேறு காரணம் இல்லை. வீட்டுக்காரம்மா கோயிலுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் எங்கள் இருவரையும் ஊர்ப்பக்கம் திருப்பிவிட்டிருப்பார்.

நடந்தோம். மணிலாக் கொல்லைகளில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் நின்றது. சாலை ஓரம் முழுக்கத் தவளைச் சத்தம். அவர் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, ஊரில் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் அருவித் துளி படிவதைப் பற்றிச் சொன்னார். அம்மா தினமும் துடைப்பாராம்.

அடி அண்ணாமலையில் டீ குடித்தோம்.

"இன்னைக்குப் பௌர்ணமி இல்லியே?" என்றார் கடைக்காரர்.

"அருவி பாக்கப் போறோம்" என்றார் அவர்.

"அது அந்தாண்ட இல்ல இருக்குது? மழை விட்டு எவ்ளோ நேரமாச்சு! மலைத் தண்ணி தங்குமா? ஏங்க, சாருக்குத் தெரியாததா?"

நான் டீயை ஊதினேன். அவர் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதன்பின் அவர் முன்னால் போனார், நான் பின்னால்.

அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது இருபது. அகலமான கரும்பாறை, ஈரமாக மின்னியது. நடுவில் விரல் கனத்துக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார்.

"எட்டு மணி வரைக்கும் ஜோன்னு ஊத்துச்சு. அப்பறம் கம்மியாயிடுச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா?"

அருவி கேட்க வந்தவர் பாறையில் காதை வைத்துப் பார்த்தார். கன்னம் நனைந்தது.

"சாயந்திரம் வரைக்கும்னு சொன்னீங்க."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"பரவால்ல அண்ணா."

ஊர் வழியாக வீடு திரும்பினோம். மிச்சச் சுற்றிலும் மலை வலக்கைப் பக்கமே இருந்தது. வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா, "அருவி ஜாஸ்தியா இருந்துச்சா?" என்று கேட்டார். "கம்மிதாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டி கட்டப் போனார்.

மறுநாள் பஸ் நிலையத்தில், ஜன்னல் வழியாக "வரேன்" என்றார். அண்ணா என்று சேர்க்கவில்லை. பஸ் ஊரைத் தாண்டும்வரை மலை அதன் பின்பக்கக் கண்ணாடியில் தெரிந்திருக்கும். நான் பார்த்தது பஸ்ஸை மட்டும்தான்.

அடுத்த வாரம் மறுபடி பெருமழை. விடிந்ததும் கிளம்பி ஊர் வழியாக நடந்தேன். நாற்பது நிமிடத்தில் அடிவாரம் வந்தது. அருவி விழுந்துகொண்டிருந்தது.