இரண்டு பல் கூடுதல்

ஒரிஜினலையே ஒரு மெக்கானிக் ஏமாற்றிவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. கம்பெனி ஸ்பிராக்கெட் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு லோக்கலை மாட்டிவிட்டானாம். நம்புவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, விசாரிக்கக் கிளம்பினேன்.

ஒரிஜினல் என்பது ஆளின் பட்டப்பெயர். பைக் ஷோரூமில் உதிரிபாகம் விற்கும் கவுண்டரில் வெகுகாலமாக நிற்பவர். செயின் ஓடுகிற பல்சக்கரம், அதாவது ஸ்பிராக்கெட், தேய்ந்துபோய் வருகிறவர்கள் “வெளிக்கடையில பாதி விலைக்குக் கிடைக்குதே” என்று முனகினால் போதும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

“தாராளமா வாங்குங்க. அப்படியே ஒரு ஸ்ட்ரெச்சரும் வாங்கிடுங்க. அதுவும் லோக்கல்ல மலிவுதான்.”

வரிசை சிரிக்கும். முனகியவர் பர்ஸை எடுப்பார்.

இப்படி அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் தண்ணீர் கேன் போடுகிறவர். பைக்கில் நாலு கேனைக் கட்டிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறுவது அவர் பிழைப்பு. பின்சக்கரத்துக்கு இரண்டு பல் கூடுதலான ஸ்பிராக்கெட் இருந்தால் வண்டி திணறாமல் ஏறும், இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

“கம்பெனியில அத்தனை இன்ஜினியர் உட்கார்ந்து போட்ட கணக்கு தப்பு. கேன் போடுற நீங்க போட்ட கணக்கு சரி. அப்படித்தானே?” என்றார் ஒரிஜினல்.

அன்றைக்கும் வரிசை சிரித்தது. கேன்காரரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வெறுங்கையோடு போனார்.

நான் முதலில் போனது முக்கு மெக்கானிக்கிடம். ஏமாற்றியவர் என்று ஊர் கைகாட்டியது அவரைத்தான். கடை முன்னால் இரண்டே வண்டிகள். ஒரு வண்டியின் சொந்தக்காரர் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, கழற்றும் ஒவ்வொரு நட்டையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா? நேத்து ஒருத்தர் காந்தம் கொண்டுவந்தார், ஒரிஜினலான்னு பாக்க. ரெண்டுலயும் ஒட்டும்யான்னேன். அப்போ ரெண்டுமே டூப்ளிகேட்டான்னு கேக்குறார்! ஒரிஜினல் சார் வண்டிய நான் தொட்டதுகூட இல்லங்க. போய்ச் சொன்னா யாரு நம்புறா?”

அடுத்து ஒரிஜினலின் வீட்டுக்குப் போனேன். மேட்டுத் தெருவின் உச்சியில் புதிதாகக் குடிவந்த வீடு. அவர் மனைவி கதவைத் திறந்ததும் விஷயத்தைச் சொன்னேன். “மெக்கானிக்கா? எந்த மெக்கானிக்? உள்ள வாங்க” என்றார்.

நடந்தது இதுதான். இந்த மேட்டில் இருவரையும் சுமந்து வண்டி ஏறவில்லை. “பாதியில என்னை இறக்கிவிட்டுட்டு, வண்டிய மட்டும் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவார். நான் பின்னாடியே நடந்து வருவேன். தெருவே வேடிக்கை பாக்கும்” என்றார் அந்த அம்மா. அந்த வண்டிக்குக் கம்பெனி ஒரே அளவு ஸ்பிராக்கெட்தான் செய்கிறது. பெரியது வேண்டுமென்றால் வெளிக்கடைதான் கதி. மனிதர் பக்கத்து ஊருக்குப் போய், கடைக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றாமல், இரண்டு பல் கூடுதலாக ஒன்றும் அதற்கேற்ற நீளத்தில் செயினும் வாங்கி வந்தார். உள்ளூர் மெக்கானிக்கிடம் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் ஒரு ஞாயிறு மத்தியானம் வண்டியை நடு ஹாலுக்கு ஏற்றி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தானே மாட்டினார்.

“கடைசியா செயின் லாக்கைப் போடும்போது காலிங்பெல் அடிச்சுது. இவர் சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுட்டார். ஹால்ல அவ்வளவு பெரிய வண்டி நிக்குது, இவர் ஒளியிறார்!”

செயினின் இரு முனைகளையும் பூட்டும் அந்தச் சின்ன லாக்கின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்குப் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். கவுண்டரில் வாங்குகிற அத்தனை பேருக்கும் இதைச் சொல்லி அனுப்புகிறவர், பதற்றத்தில் முன்பக்கம் பார்த்துப் போட்டுவிட்டார். மறுவாரம் இருவரும் மேடேறும்போது லாக் தெறித்து, செயின் கழன்று ரோட்டில் கிடந்தது. பின்னால் வந்து நின்றவர், வேறு யார், கேன்காரர்தான்.

தன் பையில் வைத்திருந்த மாற்று லாக்கை எடுத்துப் பூட்டிக்கொடுத்தார். கை துடைக்கும்போது கவனித்தார்: “சார், இது லோக்கலாச்சே! ரெண்டு பல்லு கூட வேற!”

“லோக்கலா? மெக்கானிக் பய ஏமாத்திட்டானே!” என்றிருக்கிறார் ஒரிஜினல்.

“உங்களையேவா! யாரு சார், முக்கு மெக்கானிக்கா?”

ஒரிஜினல் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இருமினார். அந்த இருமல் வண்டியைவிட வேகமாக ஊருக்குள் இறங்கிவிட்டது.

“நான் பக்கத்துலதான் நின்னேன். வீடு வர்ற வரைக்கும் ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல. அவமானமா இருந்துச்சு” என்றார் அந்த அம்மா. சிரிப்பு நின்றுபோயிருந்தது.

ஷோரூமுக்குப் போனபோது எனக்கு முன்னாலேயே கேன்காரர் கவுண்டரில் நின்றார்.

“சார், சாயங்காலம் நாங்க நாலு பேர் முக்கு மெக்கானிக்கைக் கேக்கப் போறோம். நீங்க வந்து நின்னாப் போதும். பேச்சை நாங்க பாத்துக்குறோம்.”

ஒரிஜினல் என்னைப் பார்த்தார். வீட்டிலிருந்து வருகிறேன் என்பது என் முகத்திலேயே இருந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார். வரிசை சிரிக்கத் தயாரானது.

“அவர் தொடலைங்க. நானே வாங்கி நானே மாட்டினது. மேடு ஏறல.”

யாரும் சிரிக்கவில்லை. கேன்காரர் மட்டும், “எனக்கும் அதேதானே சார் ஏறல” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரிஜினலுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் மேஜை டிராயரைத் திறந்து கம்பெனி உறையிலிருந்த புது லாக்கை நீட்டினார். “அன்னைக்குக் குடுத்தீங்களே.”

கேன்காரர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கவுண்டர் மேலேயே வைத்தார். “நான் குடுத்தது லோக்கல் சார். அதையே வாங்கிக் குடுங்க. எதிர்க்கடையிலயே கிடைக்கும்.”

அன்று மத்தியானமே முக்கு மெக்கானிக்கிடம் போய், குந்தியிருந்தவர்கள் காதுபட நடந்ததை ஒரிஜினல் சொல்லிவிட்டார். மெக்கானிக் தலை நிமிரவில்லை. “இன்னொரு தடவை சொல்லுங்க சார், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்று காந்தக்காரரைக் காட்டினார். ஒரிஜினல் இன்னொரு தடவையும் சொன்னார், உரக்க.

எதிர்க்கடைக்கு மட்டும் இன்னும் போகவில்லை. ஷோரூம் கண்ணாடிக்கு நேரெதிரே, ரோட்டைத் தாண்டினால் கடை. நேற்று ரோட்டின் நடுப்பகுதிவரை போனவர், யாரோ “என்ன சார், இந்தப் பக்கம்?” என்றதும் திரும்பிவிட்டார். கேன்காரர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போகிறார்.