சீல் உடையாத கன்டெய்னர்

ஏற்றுமதி கிளியரிங் ஏஜென்ட் தொழிலில் சரக்கு ஃபாக்டரிக்காரருடையது, சட்டம் கஸ்டம்ஸுடையது, ஏச்சு மட்டும்தான் நம்முடையது.

சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் சீசன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோத்தாபுரிப் பழத்தை அரைத்து, பையில் அடைத்து, டிரம்மில் இறக்கி, கன்டெய்னரில் ஏற்றி, சீல் வைத்துச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் ரேணிகுண்டாவில் மூட்டை தூக்கி ஆரம்பித்தவன். படித்ததெல்லாம் லாரி ஷெட்டில். தொண்டையும் பேரமும்தான் முதல். போன சீசனில், மாங்கூழோடு போதைப்பொருள் கப்பலேறப் போகிறது என்று கஸ்டம்ஸுக்குத் தகவல் வந்து, வடமாலபேட்டை தாண்டி ஒரு யார்டில் எங்கள் வண்டிகளை மறிக்க ஆரம்பித்தார்கள். அதில் என் டிரைவர் கன்னியப்பன் ஜெயிலுக்கே போயிருப்பான். என்னைப் போல வெயிலில் பேப்பரும் கையுமாக நிற்கிற அண்ணன் தம்பிகளுக்குத்தான் இது புரியும்.

உட்கார்ந்த நாய்

மோப்ப நாய் எதையாவது கண்டுபிடித்தால் குரைக்காது, உட்காரும். யார்டில் எல்லோருக்கும் இது தெரியும். முதல் நாளே அது எங்கள் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. லோடுமேன்கள் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். ஃபாக்டரி ஓனர் போனில் "ஏமய்யா, ஏமைந்தி, என்ன ஆச்சு?" என்று அலறுகிறார். நான் நாயைக் கூட்டி வந்தவர் மேல் பாய்ந்தேன். மாம்பழ வாசனைக்கும் போதைப்பொருளுக்கும் வித்தியாசம் தெரியாத நாயை எந்தச் சந்தையில் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் நிதானமாக ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நாய்க்கு வைத்தார். "கண்டுபிடிச்சிருந்தா நிமிர்ந்து உக்காரும் சார். இது நிழலுக்கு உக்காந்துகினு இருக்குது. உங்களுக்கும் ஒரு கிண்ணம் வைக்கட்டுமா?"

டிரம் பேரம்

இன்ஸ்பெக்டர் மேடம் புதிதாக வந்தவர். குரலே உயராது. அவரிடம்தான் நான் மோதினேன். டிரம்முக்குள் இருக்கிற பையைத் திறந்து காற்றுப் பட்டுவிட்டால் கூழ் கெட்டுவிடும். திறந்த டிரம் சாக்கடைக்குத்தான். அவர் பத்து திறக்க வேண்டும் என்றார். நான் ரெண்டு என்றேன். "ஏன்ட்டண்டி, இது தக்காளி மண்டியா?" என்றார். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கடைசியில், எல்லா டிரம்மையும் எடை போடுவோம், எடை மாறினால் மட்டும் திறங்கள் என்று ஒரு வழி சொன்னேன். சரி என்றார். ஜெயித்துவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

கன்டெய்னர் முழுவதையும் இறக்கி, எடை போட்டு, மறுபடி ஏற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு டிரம்கூடத் திறக்கவில்லை, ஆனால் லோடுமேன்கள் என்னை முறைத்த முறைப்பில் நானே கெட்டுப் போயிருப்பேன். ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்த கன்னியப்பன் எழுந்து சொன்னான்: "நீ வாயத் தொறக்காத இருந்திருந்தா மத்தியானமே போயிருப்போம்ணே."

ஒரு கூடை பங்கனபள்ளி

மேடத்துக்கு ஒரு கூடை பங்கனபள்ளி மாம்பழம் கொடுத்தனுப்பு என்றார் ஓனர். ஆள் முகத்தைப் பார்த்தால் எதை வாங்குவார், எதை எறிவார் என்று எனக்குத் தெரியும், வேண்டாம் என்றேன். கேட்டால்தானே? கன்னியப்பன் கூடையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தான். மேடம் ஒரு கத்தி கேட்டார். ஒவ்வொரு பழமாகக் கொட்டை வரைக்கும் அறுத்து, உள்ளே பார்த்து, தட்டில் அடுக்கி லோடுமேன்கள் பக்கம் தள்ளினார். "யார்டுக்குள்ள வந்தா எல்லாமே சரக்குதான். செக் பண்ணியாச்சு, சாப்பிடுங்க."

ஈரப் பெயின்ட்

சீசன் முடிகிற சமயம், நாயை வேறு யார்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கன்னியப்பன் வண்டி வந்து நின்றது. சீல் அப்படியே இருந்தது, நம்பரும் சரி. நான் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டேன். மேடம் நகரவில்லை. கதவுத் தாழ்ப்பாள் பிடியில் அடித்திருக்கும் ரிவெட் தலைகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார். ஒன்றில் பெயின்ட் நகத்தோடு வந்தது. ஈரம். அந்த ரிவெட்டை வெட்டினால் பிடி சீலோடு சேர்ந்து கழன்று வரும், வேலையை முடித்துவிட்டுப் புது ரிவெட் அடித்துப் பெயின்ட் பூசிவிடலாம் என்பது இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது.

திறந்தார்கள். முதல் வரிசை டிரம்களின் மேல் பழுப்பு டேப் சுற்றின பொட்டலங்கள். உள்ளே கஞ்சா எண்ணெய். கன்னியப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "சீல் உடையவே இல்லையே மேடம்!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"உடையலைன்னுதான் நானும் எழுதப் போறேன். வண்டிய எங்க நிறுத்தினாருன்னு உங்க டிரைவரைச் சொல்லச் சொல்லுங்க."

வெளியே நின்றது

"எங்கியும் நிறுத்தல" என்றான் கன்னியப்பன். மறுபடி கேட்டார்கள். அதே பதில். நிறுத்தவே இல்லை என்றால் அதை வைத்தவன் அவன்தான் என்று ஆகிவிடும். ஜாமீன்கூட லேசில் கிடைக்காத கேஸ். பிச்சாட்டூரில் பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற ரெண்டு பெண் குழந்தைகள். எனக்குத் தெரிந்தது பேரம்தான். "என் லைசென்ஸை எடுத்துக்குங்க, ஆளை விடுங்க" என்று மேஜையைத் தட்டினேன். மேடம் அசையவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "உண்மையைச் சொல்லித் தொலைடா!" அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாக "நிறுத்தலண்ணே" என்றான். சீல் வைத்த வண்டியை டீக்குக்கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினவனுக்கு அடுத்த டிரிப் கிடையாது என்பது என் ஆபீஸ் சட்டம்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். "சார், நீங்க கொஞ்சம் வெளிய போங்க. இவரு பயப்படறது என்னைப் பார்த்து இல்ல."

போனேன். வெயிலில் நின்றேன். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, கன்னியப்பன் சொல்லிவிட்டான், கஸ்டம்ஸ் ஜீப் கிளம்பிப் பறந்தது. ரேணிகுண்டா பைபாஸில் டயர் பஞ்சராகியிருக்கிறது. பஞ்சர் கடைக்காரன் "நேரமாவும், துன்னுட்டு வா" என்று இவனை எதிரே இருந்த ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு வேலையைக் காட்டியிருக்கிறான். கடையில் பெயின்ட் டப்பா, வெட்டின ரிவெட், மிச்சப் பொட்டலம், ரெண்டு ஆட்கள், எல்லாம் சிக்கின. கன்டெய்னர் யார்டிலேயே நின்றது. கப்பல் போய்விட்டது. ஓனர் வைததை எழுத முடியாது. கன்னியப்பன் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

ஏன்டா முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கைலியைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "நிறுத்தினேன்னு சொன்னா நீ டிரிப்பு குடுக்க மாட்டியேன்னுதான் இருந்துச்சுண்ணே. ஜெயிலு நெனப்பே வரல."

இத்தனை வருஷம் கத்திக் கத்தி நான் மீட்ட சரக்கு பெரிதா, என்னை வெளியே அனுப்பி அந்த மேடம் மீட்ட ஆள் பெரிதா என்று யாராவது கேட்டால், நான் இப்போதும் சண்டைக்குத்தான் போவேன்.