தேதியில்லாத சீசா

என் அலமாரியில் உள்ள பாசிச் சீசாக்களில் ஒன்றில் மட்டும் தேதி கிடையாது. ‘திருவொற்றியூர்க் குட்டை, கோடை’ என்று எழுதியதோடு சரி. அந்தப் பாசியைப் பற்றிய என் கட்டுரை அச்சுக்குப் போனபோது பேராசிரியர் கோபித்துக்கொண்டார். மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

1940-களின் கடைசி. கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுத்துவந்தேன். எங்கள் தெருக்கோடிக் குட்டையில் கிடைத்த அந்தப் பச்சைப் பாசி வெறும் கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் இடுப்பு சிறுத்த ஒற்றைச் செல். புத்தகப் படம் எதனோடும் ஒத்துப்போகவில்லை. இரண்டு செல்கள் கூடி உண்டாக்கும் இணைவித்தைப் பார்த்தால்தான் இன்ன இனம் என்று சொல்லமுடியும். அது தண்ணீர் வற்றும் கோடையில்தான் உருவாகும்.

அந்தக் கோடையில் ஊரில் மலேரியா. கொசுப்புழுவை ஒழிக்க, வாரம் ஒருமுறை குட்டைகளில் எண்ணெய் தெளிக்க ஒருவரை அனுப்பினார்கள். தெளித்ததும் கரைக்கல்லில் சுண்ணாம்பால் தேதி எழுதவேண்டும். மேலதிகாரி அதைத்தான் பார்ப்பார். எண்ணெய் விழுந்தால் என் பாசி போச்சு. மூன்று வாரம் விட்டுவைக்கும்படி தெளிக்க வந்தவரிடம் கெஞ்சினேன்.

“இன்னா டீச்சரம்மா, பாசிக்கா இம்மாம் பேஜாரு?” என்று சிரித்தார். பிறகு, “சரி, தேதிய மட்டும் போட்டுக்கினு போறேன். தெரிஞ்சா என் வேல பூடும், பாத்துக்க,” என்றார்.

மூன்று வாரமும் எனக்குத் தூக்கமில்லை. அள்ளிவரும் தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளியும். தெருவில் யாராவது போர்வை போர்த்திப் போனால், காய்ச்சலோ என்று நின்று பார்ப்பேன். ஆனாலும், எண்ணெய் ஊற்றிவிடுங்கள் என்று போய்ச் சொல்ல மனம் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

ஒருநாள் காலை குட்டைக்குப் போனேன். கல்லில் அன்றைய தேதி இருந்தது. அள்ளிவந்த தண்ணீரின் முதல் துளியிலேயே இணைவித்து: உருண்டையாக, சுற்றிலும் நுனி பிளந்த முட்களோடு. இந்தப் பக்கம் யாரும் கண்டிராத அரிய இனம். இனித் தெளிக்கலாம் என்று சொல்ல அவர் வீட்டுக்கு ஓடினேன்.

குட்டைக்கு மூன்றாவது வீடு. அவர் இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். நாலு நாளாக இப்படித்தான், விடியலில் மட்டும் எழுந்து வெளியே போய்வந்தார் என்றார் அவர் மனைவி.

“கெட்ச்சிதா?” என்றார் அவர். தலையாட்டினேன். “தேதிய எங்கியும் எழுதி வெக்காத.”

அவர் பிழைத்துக்கொண்டார். காய்ச்சல் அந்தக் குட்டையிலிருந்து வந்ததா என்று எந்த நுண்ணோக்கியும் எனக்குச் சொல்லவில்லை. குட்டை இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலைச் சுவர்.

இன்று காலை சீசாவை எடுத்து, பேனாவைத் திறந்தேன். இனி யாருக்கும் வேலை போகாது. ஆனால் கை ஓடவில்லை. அன்று கல்லில் இருந்த தேதி கோணல்மாணலாக, பாதியில் இழுபட்டுக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் தண்ணீர் அள்ளினேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.