எட்டாம் நாள் பாடு

என் இடது தோளுக்குக் கீழே ஓலையால் ஒரு வேலி இருந்தது. அத்தை கட்டியது. பனங்குருத்தை மெல்லிசாகக் கிழித்து, ஒரு விரல் உயரத்துக்கு வட்டமாக முடைந்து, கையோடு சேர்த்து நூலால் கட்டியிருந்தாள். வேலிக்கு நடுவே ஒரே ஒரு கொப்புளம். மேலே துணி போர்த்தினாலும் உரசாது, தூக்கத்தில் நான் சொறிந்தாலும் நகம் படாது. அப்போது எனக்கு ஆறு வயது இருக்கும். பொழுது விடிந்தால் ஏரிக்குள் விழுந்து கிடக்கிற பையனை எட்டு நாள் கரையிலேயே உட்கார வைத்தாள். "தண்ணில கால வெச்ச, அந்தக் கால ஒடிச்சி அடுப்புல சொருவிருவேன்" என்பாள். சொல்லிக்கொண்டே மடவை மீனை முள் எடுத்து என் வாயில் ஊட்டுவாள்.

பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. மணலில் விரலால் எழுதிப் பழகிய எழுத்துதான் இது. ஆனாலும் இதை உங்களுக்கு எழுதி வைக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது.

அத்தை என் நைனாவுக்கு அக்காள். என்னைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டதால் என்னை வளர்த்தவள் அவள்தான். மழை தூறி விட்டுப் போன மணல் மாதிரி அவள் முகமெல்லாம் வைசூரித் தழும்பு. இடது கண்ணும் அதிலேயே வெளுத்துப் போயிருந்தது. யாராவது பரிதாபப்பட்டால், "உங்க அண்ணன் மூஞ்சியப் பாக்க ஒரு கண்ணே ஜாஸ்தி" என்று தன் புருஷனான மாமாவைக் காட்டுவாள். ஒருமுறை வந்தவர்களுக்கு வைசூரி மறுபடி வருவதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எந்தக் குப்பத்தில் ஆத்தா இறங்கினாலும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். வாழையிலையில் படுக்க வைத்து, வேப்பிலையால் விசிறி, பிழைத்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். பிழைக்காதவர்களைப் பற்றி ஒன்றும் பேசமாட்டாள். அவளுடைய இரண்டு பையன்களும் அந்த வியாதியில்தான் போனார்கள். வெகு காலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான் சொல்லுகிற வருஷத்தில் அது தவழ்ந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆரம்பாக்கத்துப் பக்கம் வைசூரி கண்டிருந்தது. அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி. பொன்னேரி இங்கிலீஷ் கும்பினிக்காரர் வசம். பொன்னேரியில் ஒருவர் அம்மைப்பால் குத்துகிறார் என்று மீன் விற்கப் போன இடத்தில் அத்தை கேட்டு வந்தாள். மாட்டு மடியில் வருகிற அம்மையின் நீரைக் கையில் கீறி வைப்பார்களாம். அந்த இடத்தில் மட்டும் கொப்புளம் எழும்பி அடங்கிவிடுமாம், பிறகு வைசூரி அண்டாதாம். ஆனால் அந்த நீரைக் குப்பியில் அடைத்துக் கொண்டுவந்தால் நம் வெயிலில் கெட்டுப்போகும். ஒரு பிள்ளையின் கையில் ஏற்றி, எட்டாம் நாள் அந்தக் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்கு வைக்க வேண்டும். ஒரு குப்பத்துக்கு அது வர வேண்டுமானால் ஒரு பிள்ளை அதைச் சுமந்துகொண்டு வந்தாக வேண்டும்.

மாமா தன் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "ஆத்தா கோவத்த மாட்டு சீழ வெச்சி அடக்கப் போறாளாம் இவ. எம்பொண்ணத் தொட்ட, வூட்ட வுட்டே போயிடு" என்றார். ஊரில் வேறு யாரும் பிள்ளை தரவில்லை. நைனா மட்டும், "நீ வளத்த புள்ள. நீயே கூட்டிகினு போ" என்றார். அப்படித்தான் நான் போனேன். பொன்னேரி வரைக்கும் பாதி தூரம் நடை, பாதி தூரம் அத்தையின் இடுப்பு. அம்மை குத்துகிறவரை ஊசிக்காரர் என்போம். அவர் தன் சின்னக் கத்தியால் என் கையைக் கீறும்போது அத்தை என் முகத்தைத் தன் மார்பில் அழுத்திக்கொண்டாள். எட்டாம் நாள் தோணியில் எங்கள் குப்பத்துக்கு வருவதாக அவர் சொன்னார்.

இதற்கு மேல் புரிய வேண்டுமானால் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த இடத்தில் எந்த வீட்டுக்காரர் எந்த நாளில் வலை போடலாம் என்பதைத்தான் பாடு என்கிறோம். குடத்துக்குள் ஒவ்வொரு வீட்டு ஓலைத்துண்டையும் போட்டுக் குலுக்கி எடுப்பது வழக்கம். எடுத்த ஓலை யாருடையதோ அவர்களுடைய பாடு. அன்றைக்கு வலை போடாவிட்டால் போனதுதான், மறுநாள் வேறொருவருடையது. அடுத்தவன் பாட்டில் வலை இறக்கினால் வெட்டுக்குத்து. இதையெல்லாம் நடத்தி வைத்தவர் என் மாமா. தன் வீட்டுக் கல்யாணத்தன்றுகூட, "எவன் பாடுறா இன்னிக்கி, ஏன் எறங்கல?" என்று கேட்டவர் அவர்.

எட்டாம் நாள் ஊசிக்காரர் வந்து இறங்கியபோது கரையில் ஆண்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. அவர் ஓலை வேலியை அவிழ்த்து என் கொப்புளத்தைப் பார்த்தார். நடுவில் குழிந்து, முத்து மாதிரி தெளிந்திருந்தது. "அருமையா வந்திருக்கு. ஆனா நாளைக்குக் கலங்கிடும். இன்னிக்கு விட்டா போச்சு" என்றார். யாரும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. அத்தைதான் மாமாவிடம் போனாள்.

"குடத்த எடுத்தாய்யா."

"இன்னாத்துக்கு?"

"இன்னிக்கு வுட்டா போச்சாம். பாடுதான இதுவும்? போடு."

"ஏரிப் பாட்டுக்கும் பையன் கைல இருக்கற கொப்புளத்துக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"ரெண்டும் தப்புனா திரும்பாது. அதான் சம்பந்தம்."

மாமா அவளை முறைத்துப் பார்த்தார். ஆனால் எழுந்து போய்க் குடத்தைக் கொண்டுவந்தார். முதல் ஓலை வந்த வீட்டுக்காரி விடியற்காலையிலேயே பிள்ளையோடு காட்டூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். சிரிப்பு எழுந்தது. இரண்டாவது ஓலை பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊசிக்காரர் கத்தியைத் துணியில் துடைத்து மடிக்கத் தொடங்கினார். மாமாவுக்குத் தாளவில்லை. பாடு விழுந்து வலை இறங்காமல் போவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. விறுவிறு என்று வீட்டுக்குள் போய்த் தூங்கிக்கொண்டிருந்த தன் பெண்ணைத் தூக்கி வந்தார். "பாடு காலியாப் போவக்கூடாது. வைய்யா" என்று அதன் கையை நீட்டினார். அத்தை குடத்தின் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

என் கையிலிருந்து எடுத்த நீரை அந்தக் குழந்தையின் கையில் வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் உங்கள் அம்மா.

அது வீறிட்டு அழுத சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அந்த மனிதர் தன் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு கோபமாக வந்தார். "ஓலை எம்பேருக்கு வுழுந்துது. எம்பாட்டுல நீ எப்பிடி எறங்குவ?" என்றார். "நீ எறங்கலியே" என்றார் மாமா. "யோசன பண்ணிகினு இருந்தேன்யா. யோசன பண்ணா பாட்டத் தூக்கிக்குவியா?" கைகலப்பு ஆகிவிடுமோ என்று ஊசிக்காரர் நடுங்கிப்போய், "எல்லாருக்கும் நீர் இருக்கு, எல்லாருக்கும் வைக்கலாம்" என்றார். அதன்பிறகு தங்கள் ஓலையும் குடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு வீடாக வந்தார்கள். என் கொப்புளம் வற்றுகிற வரைக்கும் ஆறு பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அடுத்த எட்டாம் நாள் அந்த ஆறு கைகளிலிருந்து மற்றவர்களுக்கு.

வைசூரி எங்கள் குப்பத்துக்கும் வந்தது. காட்டூருக்குப் போன அந்தப் பிள்ளை ஊசி வைத்து முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது, அது இறந்துபோனது. பெரியவர்களில் சிலரும் போனார்கள். அத்தைதான் எல்லாருக்கும் வேப்பிலை வீசினாள். ஊசி வைத்த பிள்ளைகள் அவள் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தோம், எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

வளர்ந்த பிறகு எனக்குள் ஒரு கேள்வி முளைத்தது. உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்ட பிறகும் அது போகவில்லை. அத்தை படுத்த படுக்கையாக இருந்தபோது ஒருநாள் கேட்டுவிட்டேன். "உம்பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு தெரிஞ்சிக்கத்தான என்ன மொதல்ல குடுத்த?"

இல்லை என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். "ஆமா" என்றாள். "ரெண்டு புள்ளைய மண்ணுல போட்டவ. எம்பொண்ணு கைய நீட்ட எனக்குத் தெம்பில்ல. உங்க மாமன் தடுத்ததே எனக்குச் சாக்காப் போச்சி. உன் கைய நீட்டிட்டேன். அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு எறங்குச்சின்னு நெனச்சியா?" நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன். "வலிச்சிதா அப்போ?" என்றாள். வலிக்கவில்லை என்றேன். "பொய் சொல்றான் பாரு" என்று சிரித்தாள். மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கோட்டையில் கொடி மாறிவிட்டது. அம்மை குத்துகிறவர் தானாகவே குப்பத்துக்கு வருகிறார். போன வாரம் நம் வாசலுக்கு வந்து, "யாருக்கு முதல்ல?" என்று கேட்டார். உங்கள் இரண்டு பேர் தலையிலும் என் கை இருந்தது. அம்மை குத்துவது நல்லது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தத் தெருவில் யாரும் இல்லை. இருந்தும் தம்பியின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. பெரியவளே, உன்னைத்தான் முன்னே தள்ளினேன். தம்பி சின்னவன், பயப்படுவான் என்று அவரிடம் சொன்னேன். அது உண்மையில்லை. அவனை முதலில் விட எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். நீ திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை நீட்டினாய்.

நீ வளர்ந்த பிறகு ஒருநாள் என்னைக் கேட்பாய். அப்போது நான் இருப்பேனோ இல்லையோ. அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன். ஆமாம், கண்ணு. இந்த எட்டு நாளாக எனக்கும் சோறு இறங்கவில்லை.