சுருக்கம் விழாத காலுறை

சலவைக்கடையில் இருபது வருடம் நின்றபடியே இஸ்திரி போட்டவளின் இடது காலில் ரத்தம் உறைந்தது. மாத்திரையோடு, முழங்கால் வரை ஏறும் இறுக்கமான காலுறை ஒன்றையும் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் காலில் இருக்க வேண்டும்.

"ரெண்டே மாசத்துல பாதிப் பேர் கழட்டிப் போட்டுடுவாங்க. வேக்காடு, அரிப்பு, குனிஞ்சு மாட்ட முடியலன்னு ஆளுக்கொரு காரணம்," என்றாள் நர்ஸ்.

அவள் கழற்றவில்லை. அவளால் குனிய முடியாததால் மாட்டிவிடும் வேலை புருஷன் தலையில் விழுந்தது. அவர் பஸ் டிரைவர். தொப்பையைச் சாக்குச் சொல்லி, கல்யாணமான நாள்முதல் தன் ஷூவுக்கு அவளையே நாடா கட்ட வைத்தவர். முடிச்சு தளர்ந்தால் காலாலேயே அவள் தோளை நெட்டுவார். இப்போது காலுறையை இழுத்தேற்றப் பிடிமானத்துக்குக் கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு அவள் காலடியில் மூச்சு வாங்கினார்.

"கணுக்கால்ல சுருக்கம் இருக்கு. கழட்டிட்டு மறுபடி போடுங்க."

"எங்கடி? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"இஸ்திரி போடுறவ கண்ணுக்குத் தெரியுது."

மூன்று முறை கழற்ற வைத்த நாட்களில் கால்வலிகூட இனித்தது.

ஆனால் மனிதர் லேசுப்பட்டவரா? டிப்போ முழுக்கத் தன் சேவையைப் பீற்றிக்கொண்டார். "அண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும்? நீங்க குடுத்துவச்சவங்கக்கா," என்றாள் எதிர்வீட்டுக்காரி. இத்தனை வருடம் நாடா கட்டியவளை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் முதல், அவர் தெருமுனை தாண்டியதும் துணி மாட்டும் ஹேங்கரால் காலுறையைத் தள்ளிக் கழற்றிப் பைக்குள் போட்டாள். ராத்திரி அவர் திரும்புவதற்குள் படுத்துவிடுவாள்; தூங்கும்போது காலுறை வேண்டாமே. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே செய்வதில்தான் அதன் ருசி.

அடுத்த பரிசோதனையில் நர்ஸ் காலை விரலால் அழுத்தினாள். குழி அப்படியே நின்றது.

"யாரு மாட்டி விடுறது?"

"நான்தாம்மா! ஒருநாள் தவறினதில்ல," என்று நெஞ்சை நிமிர்த்தினார் டிரைவர்.

"மாட்டுற லட்சணமா இது? கால் தூண் மாதிரி வீங்கியிருக்கு. நீங்களே கெடுத்து வச்சிருக்கீங்க!"

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "நீயாவது சொல்லேன்டி..."

கால் விண்விண் என்று தெறித்தது. அவள் நிதானமாகச் சொன்னாள்:

"அவரத் திட்டாதீங்கம்மா, பாவம். சுருக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது."